சரியான படத்துக்குப் போன விரல்

தலையில அடிபட்டு வர்றவங்களுக்கு ஞாபகசக்தி டெஸ்ட் எடுக்குறதுதான் என் வேலை. யாரு வேணும்னே தப்பா சொல்றாங்கன்னு அனுபவத்துலயே தெரிஞ்சிடும்னு ஆரம்பத்துல நம்பினேன், அது தப்பு. 1988ல அமெரிக்காவுல மூணு பசங்கள வேணும்னே மோசமா செய்யச் சொல்லி அந்த ரிசல்ட்டை 42 நிபுணர்கள் பாத்தாங்க, ஒருத்தர்கூட நடிப்புன்னு சொல்லல.

அதனாலதான் வாலிடிட்டி டெஸ்ட், அதாவது ஒருத்தர் நெஜமாவே முயற்சி பண்ணி பதில் சொல்றாரான்னு பாக்குற டெஸ்ட். நாங்க டாம்னு சொல்றது ஒண்ணு, 50 படம் காட்டிட்டு அப்புறம் ரெண்டு ரெண்டா வச்சு எது பாத்த படம்னு கேப்போம். கேக்கும்போது கஷ்டமான டெஸ்ட்டா தெரியும், ஆனா மூளையில அடிபட்டவங்களே பெரும்பாலும் நல்லா பண்ணிடுவாங்க.

பைக் ஆக்சிடென்ட் நஷ்டஈடு கேஸ்ல ஒரு அண்ணன் வந்தாரு. அவரு விரல் சரியான படத்துக்கு நேரா போகும், தொடப்போற நேரத்துல நின்னு பக்கத்து படத்துக்கு நகந்துடும், திரும்பத் திரும்ப இதேதான். 50க்கு 14. கண்ண மூடிட்டு தொட்டாக்கூட 25 பக்கம் வரணும், 14க்கு வரணும்னா சரியான பதில் தெரிஞ்சிருக்கணும்.

இதையும் சும்மா ஃபெயில் ஆகுறதையும் ஒண்ணா பாக்கவே கூடாது. டிமென்ஷியாங்குற மறதி நோய் இருக்கறவங்க நெஜமாவே ஃபெயில் ஆவாங்க, ரெண்டாவது வரைக்கும் படிச்ச ஒரு பாட்டிக்கு நம்பர் திருப்பிச் சொல்ற டெஸ்ட்ல ஸ்கோர் கம்மியா வந்தா அது பள்ளிக்கூடம் அதிகம் போகாததுனாலயா இருக்கலாம், அவங்கள பொய் சொல்றாங்கன்னு எழுதினா அது பாவம். ஒரே ஒரு டெஸ்டை வச்சு நான் எதுவும் எழுதுறதில்ல.

அன்னைக்கு பேப்பரை மூடி வச்சிட்டு, "அண்ணா, இந்த ஸ்கோரை வச்சு உங்களுக்கு என்ன பிரச்சனைன்னு என்னால சொல்ல முடியாது, நெஜமா இருக்கற கஷ்டமும் இதுக்குள்ள மறைஞ்சு போயிடும்"னேன். அவரு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நல்லா பதில் சொன்னா கேஸ் நிக்காதுன்னு சொன்னாங்க மேடம், வேலைக்குப் போயி ஏழு மாசம் ஆச்சு"ன்னாரு.

நடிப்புன்னு ரிப்போர்ட்டை முடிக்கல. இந்த ரிசல்ட்டை நம்ப முடியாது, அதுக்காக காயம் இல்லன்னு அர்த்தமில்ல, திரும்ப டெஸ்ட் எடுக்கணும்னு எழுதினேன். மறுபடி வந்தப்ப வேற வாலிடிட்டி டெஸ்டுங்க வச்சேன், எல்லாத்துலயும் பாஸ். ஆனா வார்த்தைங்கள படிச்சுக் காட்டி அரை மணி நேரம் கழிச்சு திருப்பிக் கேட்டப்ப, 15ல நாலுதான் வந்துச்சு. இந்த தடவை அது நெஜம்.