எம்.எல்.ஏ. இல்லாத ஒன்பதரை மாதம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்து ஓய்ந்தபோது, சித்தப்பா வீட்டுக் கீற்றுக் கூரை பக்கத்து வயலில் கிடந்தது. சேதக் கணக்கெடுப்பில் அவர் பெயர் விடுபட்டுப்போனது. மனுவை எடுத்துக்கொண்டு நானும் அவரும் அலைந்தோம். ஓரிடத்தில், "எம்.எல்.ஏ. கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்கள். சித்தப்பா ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். திருவாரூர் தொகுதிக்கு அப்போது எம்.எல்.ஏ.வே கிடையாது. கலைஞர் ஆகஸ்ட் 7-ஆம் தேதி மறைந்ததிலிருந்து இடம் காலியாகவே இருந்தது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவை அப்போதுதான் தேடிப் படித்தேன். ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். விலக்கு இரண்டே இரண்டு. மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. அல்லது, கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்துகொண்டு சான்றளிக்க வேண்டும்.

எங்களுக்குக் கெடு பிப்ரவரி முதல் வாரம். அக்டோபரில் ஐந்து மாநிலத் தேர்தலை அறிவித்தபோது, மழைக்காலம் என்று மாநில அரசு கேட்டுக்கொண்டதால் திருவாரூரை விட்டுவிட்டார்கள். அப்புறம் டிசம்பர் 31 அன்று, ஜனவரி 28-ல் வாக்குப்பதிவு என்றார்கள். ஒரே வாரம்தான். புயல் நிவாரணப் பணி நடப்பதால் ரத்து என்று ஜனவரி 7-ல் அறிவிப்பு வந்தது.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நானும் ரத்து செய்தது சரி என்றுதான் நினைத்தேன். தெருவில் பாதி வீடுகளுக்குத் தார்ப்பாய்தான் கூரை. தேர்தல் நடத்தை விதி வந்தால் கிடைக்கிற உதவியும் நின்றுவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். இன்றைக்கும் அந்த ஒத்திவைப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. ஒத்திவைத்த பிறகு எத்தனை நாளைக்குள் நடத்த வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் கோபம். ஆறு மாதம் தாண்டிவிட்டால் கெடு என்ற பேச்சே இல்லை. 'கடினம்' என்று எழுதுகிற அதே உத்தரவில் அடுத்த கடைசி நாளையும் எழுதியாக வேண்டும் என்று பிரிவைத் திருத்த வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மனது வைத்தால் முடியாத காரியமில்லை. 2023-ல் ஈரோடு கிழக்கு எம்.எல்.ஏ. ஜனவரி 4-ல் இறந்தார், பிப்ரவரி 27-ல் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது. ஆனால் 2020 பிப்ரவரி கடைசியில் காலியான திருவொற்றியூரும் குடியாத்தமும், கொரோனாவில் சிக்கி, 2021 பொதுத்தேர்தல் வரை காலியாகவே கிடந்தன. புனே மக்களவைத் தொகுதி 2023 மார்ச்சில் காலியானது. இடைத்தேர்தலை நடத்துங்கள் என்று அந்த டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றமே சொல்லியும் உச்ச நீதிமன்றத் தடையால் நடக்கவில்லை.

எங்களுக்கு மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 2019 ஏப்ரல் 18-ல் வாக்குப்பதிவு. மே 23-ல் முடிவு வந்து, பூண்டி கலைவாணன் எம்.எல்.ஏ. ஆனார். அதற்குள் சித்தப்பா கடன் வாங்கிக் கீற்று போட்டுவிட்டார். ஆனாலும் ஜூன் மாதம் பழைய மனுவைப் பாலித்தீன் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. டிசம்பர் என்றிருந்த தேதியை அடித்துவிட்டு, மேலே புதுத் தேதியை எழுதிக் கொடுத்தேன்.