"குட் சிக்னேச்சர்" வந்த பிறகும் பாதி வேலை பாக்கி

என் பிட்காயின் நோடுக்கு (பிட்காயின் கோர் மென்பொருளை ஓட்டும் கணினிக்கு) புதிய பதிப்பைப் போடச் சொல்லி வந்த ஒரு அவசர அறிவிப்பைச் சரிபார்க்க ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. டவுன்லோடும் இன்ஸ்டாலும் சில நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவிகளோடு மல்லுக்கட்டல்.

முதல் ஏமாற்றம் அலர்ட்நோட்டிஃபை என்ற எச்சரிக்கை அமைப்பு. கான்ஃபிக் கோப்பில் அந்த வரியைப் போட்டுவிட்டால் ஆபத்து வரும்போது நோடே சொல்லிவிடும் என்று நம்பியது தப்பு. எல்லா நோடுகளுக்கும் எச்சரிக்கை அனுப்பும் பழைய ஏற்பாடு 2010-ல் வந்தது. 2016-ல் அதைக் கைவிட்டார்கள். 2018-ல் அதன் ரகசியச் சாவியையே வெளியிட்டுவிட்டார்கள். இன்று அந்த வரி, உங்கள் நோடு தானாக ஏதாவது கோளாறைக் கண்டால் மட்டுமே வேலை செய்யும். மென்பொருளில் ஓட்டை இருக்கும் செய்தி அறிவிப்பு மெயில் போன்ற வெளி வழிகளில்தான் வரும்.

அந்த மெயிலிலும் ஒரு வம்பு. உரையை காப்பி செய்து, கையெழுத்தைச் சோதிக்கும் ஜிபிஜி மென்பொருளில் கொடுத்தால் "பேட் சிக்னேச்சர்". மெயில் ஆப் வரிகளை மடித்திருந்தது, அவ்வளவுதான்! மூல மெயிலை அப்படியே சேமித்துக் கொடுத்ததும் சரியானது.

அடுத்து ஹாஷ் பட்டியலும் (ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட அடையாளக் குறியீடுகள்) அதன் கையெழுத்துக் கோப்பும். பிட்காயின் கோரின் 22-ஆம் பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் பலர் கையெழுத்து இருக்கும். உங்களிடம் இல்லாத சாவிக்கெல்லாம் "நோ பப்ளிக் கீ" என்று வரும், பதற வேண்டாம். "பேட்" என்று ஒரு வரி வந்தாலும் நிறுத்துங்கள். "குட்" வந்தாலும், அது ஏதோ ஒரு சாவி கையெழுத்திட்டதற்கு மட்டுமே சாட்சி. யாருடைய சாவி என்பதை அதன் 40 எழுத்துக் கைரேகையை (சாவியின் அடையாளக் குறியீட்டை) வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடைசி 8 எழுத்து பொருந்தினால் போதாது, அதைப் போலியாக உருவாக்குவது சுலபம். சாவியை மென்பொருள் எடுத்த அதே பக்கத்திலிருந்து எடுத்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. வேறு வழியாக வந்த கைரேகையோடு ஒப்பிடுங்கள். மூன்று சாவி பொருந்திய பிறகுதான் மூச்சு வந்தது.

டவுன்லோடு செய்த கோப்பைப் பட்டியலோடு ஒப்பிடும் ஹாஷ் சோதனையில், பட்டியலில் உள்ள மற்ற கோப்புகள் இல்லாததால் வரிசையாக "ஃபெயில்டு" வரும். இல்லாத கோப்புகளை விட்டுவிடும் தேர்வைச் சேர்த்தால் போதும்.

அறிவிப்பில் "சின்னப் பிழை" என்றிருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். 2018 செப்டம்பரில் பிட்காயின் கோர் 0.16.3 பதிப்பு வந்தபோது அது சரிசெய்தது நோடை முடக்கும் பிழை என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்தப் பிழையை வைத்து இல்லாத காயினை உருவாக்கவும் முடியும் என்பது பிறகே வெளியானது. வாலட்டுக்குள்ளேயே "அப்டேட் செய்" என்று லிங்க்கோடு வரும் செய்தி எதிர்த் திசை ஆபத்து. அதே ஆண்டு டிசம்பரில் எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட்டின் பயனர்கள் பலர் காசை இழந்தது, கள்ள சர்வர்கள் அனுப்பிய அப்படிப்பட்ட செய்தியால்தான்.

கடைசியாக ஒரு எரிச்சல்: எல்லாம் முடித்தும் நோடு பழைய பதிப்பு எண்ணையே காட்டியது. நோடைத் துவக்கும் சர்வீஸ் கோப்பு பழைய பைனரியின் (நிரல் கோப்பின்) பாதையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதையை மாற்றி, சர்வீஸை மறுபடி துவக்கி, ஓடும் நோடிடமே பதிப்பைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.