யன்னல் திறந்தும் பூட்டியும்: சீமெந்து அறைக்கு ஒலித் திருத்தம்

அறை 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கல்லுச் சுவர், சீமெந்துப் பூச்சு, நிலத்தில் ரைல்ஸ், மேலே கொங்கிறீற். யாழ்ப்பாணத்தில் இப்போது எழும்பும் வீடுகளில் ஹோல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. றாஸ்ப்பெரி பை 4 என்ற சின்னக் கொம்பியூட்டரில் மூட் ஓடியோ என்ற பாட்டு ஓட்டும் மென்பொருள், அதிலிருந்து யூ.எஸ்.பி. டக் (டிஜிற்றல் பாட்டை ஒலி மின்குறியாக மாற்றும் பெட்டி), அம்பிளிஃபையர், ஐந்து அங்குல வூஃபர் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டால் குழல் தெளிவாகக் கேட்கும். தவிலின் தொப்பிப் பக்கத்தில் விழும் அடி மட்டும் அடுத்த அடி வரும்வரை அடங்காது. ஸ்பீக்கரை மாற்றினாலும் இது போகாது, ஏனென்றால் நீட்டி முழங்குவது அறை. அந்த முழக்கத்தை மைக்கால் அளந்து மென்பொருளால் வெட்டுவதுதான் இங்கே வேலை.

கணக்கு எளிது. 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். அதை அறையின் ஒரு பக்கத்து நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்தப் பக்கம் எந்த அதிர்வெண்ணில் முழங்கும் என்று தெரியும். 14 அடிக்கு 41 ஹேர்ட்ஸ், 12 அடிக்கு 48, 10 அடி உயரத்துக்கு 57. பலகைச் சுவரும் ஓட்டுக் கூரையும் இந்தத் தாழ் ஒலியை ஓரளவு வெளியே விட்டுவிடும். கல்லும் கொங்கிறீற்றும் அப்படியே திருப்பி அனுப்பும்.

கொம்பியூட்டரைத் தொடுவதற்கு முன் கதிரையையும் ஸ்பீக்கரையும் நகர்த்த வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே மென்பொருளுக்குப் போவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கதிரை பின்சுவரோடு ஒட்டியிருந்தால் அறையின் நீளவாக்கில் எழும் முழக்கமெல்லாம் அங்கே உச்சத்தில் கேட்கும். அறையின் நட்டநடுவில் வைத்தால் 41 முற்றாகக் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளி வைத்தது சரியாக வந்தது. ஸ்பீக்கருக்கும் ஒரு கணக்கு உண்டு. வூஃபரிலிருந்து பின்னால் உள்ள சுவர் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 145 ஹேர்ட்ஸ் அளவில் நேர் ஒலியை அழித்துப் பள்ளம் போடும். 40 சென்ரிமீற்றராக்கினால் பள்ளம் 218க்குப் போகும். இந்தப் பள்ளத்தை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது. எவ்வளவு கூட்டி அனுப்பினாலும் திரும்பி வருவதும் அவ்வளவு கூடும்.

அளக்க யூமிக்-1 மைக்கும் ஆர்.ஈ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளும் போதும். மைக்கின் தொடரிலக்கத்தைக் கொடுத்து, அதற்கென்றே உள்ள இரண்டு அளவுத்திருத்தக் கோப்புகளை இறக்கிக்கொள்ள வேண்டும். மைக் ஸ்பீக்கரைப் பார்த்தால் 0 பாகைக் கோப்பு, சீலிங்கைப் பார்த்தால் 90 பாகைக் கோப்பு. மாற்றிப் போட்டால் உயர் அதிர்வெண் பகுதி பிழையாகக் காட்டும். மைக்கை ஒரு ஸ்ராண்டில், இருக்கும்போது காது வரும் உயரத்தில் நிறுத்துங்கள். கதிரை முதுகில் கட்டி வைத்தால் கதிரையின் அதிர்வும் சேர்ந்து பதியும்.

லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட விடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சார்ஜர் வழியாக நிலத் தொடர்பில் இரைச்சல் ஏறினால் வரைபடத்தில் 50, 100, 150இல் ஊசி ஊசியாக நிற்கும். நாங்கள் திருத்தப் போகும் இடமும் அதுவே. 48இல் தெரியும் மேடு அறையுடையதா கரண்டுடையதா என்று பிரிக்க முடியாமல் போகும். சீலிங் ஃபேனையும் நிறுத்த வேண்டும். பகலில் ஓட்டோச் சத்தமும் கோயில் ஒலிபெருக்கியும் விடாது, இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் தோது. மைக் இருக்கும் இடத்தில் 75 முதல் 80 டெசிபல் வரை, 512கே நீளமுள்ள ஸ்வீப் (தாழ் ஒலியிலிருந்து உயர் ஒலிவரை ஏறிப் போகும் சோதனை ஒலி), அதாவது கிட்டத்தட்ட 11 செக்கன். ஸ்வீப்பின் நீளத்தை இரட்டித்தால் இரைச்சலுக்கு மேலே 3 டெசிபல் இலாபம்.

இடது, வலது தனித்தனியாக, தலை இருக்கும் இடத்தைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் ஏழு இடங்களில் அளந்து, ஆர்.எம்.எஸ். சராசரி (ஒலியின் சக்தியை வைத்து எடுக்கும் சராசரி) எடுக்க வேண்டும். ஒரேயொரு இடத்தில் அளந்து திருத்தினால், தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே திருத்தம் கெட்டுவிடும்.

முக்கியமான சங்கதி யன்னல். இங்கே வெக்கைக்கு யன்னலும் கதவும் திறந்துதான் பாட்டுக் கேட்பது. ஆனால் அளக்கும்போது சத்தம் வரக்கூடாதென்று எல்லாவற்றையும் பூட்டிவிடுவோம். பூட்டிய அறையில் 48 ஹேர்ட்ஸ் மேடு 11 டெசிபல். முற்றத்துக் கதவையும் இரண்டு யன்னல்களையும் திறந்தபின் அதே மேடு 7 டெசிபல். பூட்டி அளந்த திருத்தத்தைத் திறந்த அறையில் ஓடவிட்டால் 4 டெசிபல் கூடுதலாக வெட்டுப்படும், தவில் வெறும் பலகையில் தட்டினதுபோல் ஆகிவிடும். அதனால் இரண்டு நிலையிலும் அளந்து இரண்டு கோப்பு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆர்.ஈ.டபிள்யூ.வின் ஈ.கியூ. சாளரத்தில், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கூட்டிக் குறைக்கும் வடிகட்டிகளைக் கணக்கிடும் இடத்தில், திருத்தும் எல்லையை 35 முதல் 250 ஹேர்ட்ஸ் வரை மட்டும் வையுங்கள். இந்த அளவுள்ள அறையில் அதற்கு மேலே அறையின் ஆட்சி குறைந்து ஸ்பீக்கரின் இயல்புதான் காதுக்கு வருகிறது. அங்கே கைவைத்தால் குரல் மூக்கடைத்ததுபோல் போய்விடும். கூட்டும் அளவு இரண்டையும், தனி வடிகட்டிக்கும் மொத்தத்துக்கும், 0 டெசிபல் ஆக்குங்கள். தானியங்கியை அப்படியே விட்டால் 35 ஹேர்ட்ஸில் 6 டெசிபல் கூட்டப் பார்க்கும். அதற்கு அம்பிளிஃபையரிடம் நான்கு மடங்கு சக்தி வேண்டும், ஐந்து அங்குல வூஃபர் அடித்துத் தட்டும். இலக்குக் கோட்டைத் தட்டையாக விடாமல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் உயர்த்திக்கொள்ளுங்கள். தட்டைக் கோட்டுக்குத் திருத்தினால் “பேஸ் போய்விட்டது” என்று எல்லோரும் சொல்லுவார்கள், அது சரியான முறைப்பாடுதான்.

பூட்டிய நிலைக்கு வந்தவை மூன்றே வடிகட்டிகள்: 41இல் 5 டெசிபல் வெட்டு, கியூ 5; 48இல் 8 டெசிபல், கியூ 6; 57இல் 3 டெசிபல், கியூ 4. கியூ கூடினால் வெட்டு ஒடுங்கும். மென்பொருள் பத்துப் பன்னிரண்டு தரும், மற்றவற்றை அழித்துவிடலாம். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இரண்டு பக்கத்துக்கும் ஒரே வடிகட்டிகளையே போடுங்கள். கியூ 10ஐத் தாண்ட விடாதீர்கள். மார்கழி விடியலில் 22 பாகை, சித்திரைப் பகலில் 33 பாகை என்று வெப்பம் மாறும்போது ஒலியின் வேகமும் ஏறத்தாழ 2 வீதம் மாறி, 48இல் இருந்த மேடு ஒரு ஹேர்ட்ஸ் அளவு நகர்ந்துவிடும். ஒடுங்கிய வடிகட்டி அப்போது பக்கத்தை வெட்டும்.

இந்த இலக்கங்களை மூட் ஓடியோவுக்குள் இருக்கும் கமில்லா டி.எஸ்.பி. என்ற ஒலித் திருத்தப் பகுதியில் பீக்கிங் வகை வடிகட்டிகளாக (ஒரு அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் வேலை செய்பவை) பதிந்து, முன்னால் 2 டெசிபல் குறைப்பு ஒன்றையும் போட வேண்டும். வெட்டு மட்டும்தானே, குறைப்பு எதற்கு என்று கேட்கலாம். வடிகட்டி ஒலி அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றும்போது சில உச்சங்கள் உயர்ந்து நுனி வெட்டுப்படக்கூடும். சிலர் இதற்குப் பதில் எஃப்.ஐ.ஆர். வேவ் கோப்பு (திருத்தம் முழுவதையும் ஒரே ஒலிக் கோப்பாக எழுதியது) போடுகிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. 44.1 கிலோஹேர்ட்ஸ் மாதிரி வேகத்துக்குச் செய்த கோப்பில் 48 கிலோஹேர்ட்ஸ் வேகப் பாட்டு ஓடினால் எல்லா வெட்டும் 9 வீதம் மேலே ஏறி, 48 ஹேர்ட்ஸில் விழ வேண்டியது 52இல் விழும். பீக்கிங் வடிகட்டியை கமில்லா அந்தந்த வேகத்துக்குத் தானே கணக்கிட்டுக்கொள்ளும், இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

சரிபார்க்க, ஆர்.ஈ.டபிள்யூ.வில் ஸ்வீப்பைக் கோப்பாகச் சேமித்து, பாட்டு ஓடும் றாஸ்ப்பெரி பையிலேயே ஓடவிட்டு அளக்க வேண்டும். லப்டொப்பை நேரே அம்பிளிஃபையரில் செருகி அளந்தால் திருத்தம் அந்த வழியில் இருக்காது, வரைபடம் பழையபடியே வரும். வோட்டர்ஃபோல் படத்தையும் (ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று காட்டுவது) பாருங்கள். 48இன் வால் கண்ணுக்குத் தெரியக் குறுகியிருக்கும், ஏனென்றால் அறை முழக்கத்தின் உயரத்தை வெட்டும் வடிகட்டி அதன் நீட்சியையும் சேர்த்தே வெட்டுகிறது. கையைத் தட்டினால் சுவருக்குச் சுவர் சிலிர்த்து ஓடும் எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். அதற்குத் தடித்த திரைச்சீலையும் புத்தக அலுமாரியும்தான். பனையோலைப் பாயை நிலத்தில் விரித்தால் பேஸுக்கு ஒன்றும் நடக்காது.

வேலை முடிந்ததும் இரண்டு கமில்லா கோப்புகளையும் வேறொரு யூ.எஸ்.பி.யில் பிரதி எடுத்து வையுங்கள். கரண்ட் திடீரென்று போய் வந்தால் றாஸ்ப்பெரி பையின் மெமரி கார்ட் பழுதாகக்கூடும். கார்டைத் திரும்ப எழுத அரை மணித்தியாலம் போதும். கோப்பு இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு மறுபடி மைக்கை நிறுத்த வேண்டிவரும்.