எந்தத் தேதிங்க?

ஆறாவது படிக்கும் மகன் ஒரு மாதமாகச் சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். "பசிக்கலைங்கம்மா" என்பான். ஒரு நாள் கழுவத் திறந்தால், தக்காளிச் சோற்றின் மேல் சாக்பீஸ் தூள். "யாரு கண்ணு, சொல்லு சாமி" என்று கெஞ்சியபிறகுதான் சொன்னான். பள்ளி பஸ்ஸில் கடைசி சீட்டு எட்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். "பசங்கன்னா அப்படித்தானுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவே கைபேசியில், தமிழக அரசின் குறைதீர்க்கும் தளமான 'முதல்வரின் முகவரி'யில் மனு போட்டேன். போடுவது சுலபம்தான். ஆனால் நான் எழுதியது ஒரு பக்கப் புலம்பல். விசாரிக்கக் கூப்பிட்டவர், "எந்தத் தேதிங்க? பள்ளியில யாருகிட்டச் சொன்னீங்க?" என்றார். பதில் இல்லை. இத்தனைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. பீஸில் ஓட்டை இருந்தால், அது எங்கே என்று ஸ்டிக்கர் ஒட்டாமல் கீழே வைக்க மாட்டேன்.

அப்புறம் ரஃப் நோட்டு எடுத்தோம். நேருக்கு நேர் கேட்டால் மகன் வாய் திறக்க மாட்டான். இருவரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், ஒவ்வொன்றாக வந்தது. பேனாவைப் பிடுங்கியது திங்கட்கிழமை, தமிழ்த் தேர்வு அன்று. பட்டப்பெயர் வைத்தது ஆண்டுவிழாவுக்கு மறுநாள். மொத்தம் ஒன்பது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசினேன். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு என்ன நடக்கணுங்க?" என்றார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

கொழுந்தனார் அந்தப் பையன்களின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடலாம் என்றார். நல்லவேளை, போடவில்லை. அவர்களும் குழந்தைகள்தான், விசாரணையில் சிக்கிய குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

இரண்டாவது மனு எட்டே வரி. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தேன். பள்ளி பஸ்ஸில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று 2012 முதலே விதி இருக்கிறது. எங்கள் பஸ்ஸில் ஆளே கிடையாது. அதைத்தான் முதல் வரியில் வைத்தேன். தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் இ-பால் நிதான் தளத்திலும் அதையே போட்டு, பதிவு எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்தேன்.

மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். இம்முறை தேதி கேட்டபோது நோட்டைத் திறந்து வைத்தேன். இப்போது பஸ்ஸில் ஓர் அக்கா வருகிறார். சின்னப் பசங்களெல்லாம் முன்சீட்டில்.

டப்பா பெரும்பாலும் காலியாக வருகிறது. தக்காளிச் சோறு மட்டும் வேண்டாம் என்கிறான்.