பழைய எண், புதிய எண்

கிண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஆபீஸ் பின்னறையில் ஒரு இரும்பு பீரோ. திறந்தால் தட்டுத்தட்டாக ஸ்வீட் பாக்ஸ்கள். தீபாவளிக்கு வந்தவை. இனிப்பு என்றோ தீர்ந்துவிட்டது, இப்போது உள்ளே இருப்பவை போர்டுகள். வருகைப்பதிவு மெஷின், பில் போடும் மெஷின், தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்டும் பெட்டி, நாலைந்து ரகம் ரவுட்டர், ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்கள் சில. எல்லாமே லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுபவை, எல்லாவற்றிலும் வைஃபை. அந்த வைஃபை சிப்புகளுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளை, அதாவது சிப்புக்குள் ஓடும் சாஃப்ட்வேரை, கட்டி மேய்ப்பது ஏழு வருஷமாக என் வேலை.

இந்தச் சிப்புகளில் பெரும்பாலானவை கரண்ட் போனால் படித்ததை மறந்துவிடும். ஒவ்வொரு முறை எழும்போதும் லினக்ஸ்தான் தன் ஃபர்ம்வேர் அடைவில் (ஃபோல்டரில்) குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பைத் தேடி, சிப்புக்குள் இறக்கவேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால், நடந்ததை எல்லாம் எழுதிவைக்கும் லாகில் ‘மைனஸ் 2’ என்று வரும். கோப்பு இல்லை என்று அர்த்தம். அந்த வரியைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுகிறதே. பெயர் சரியாக இருந்து ஆள் வேறாக இருக்கும்போதுதான் தூக்கம் போகும்.

சென்னையில் வீடு தேடியவர்களுக்குச் சட்டென்று புரியும். கேட்டில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டின் புதிய எண், எதிர் வரிசையில் யாருக்கோ பழைய எண். வைஃபை சிப்புகளும் அப்படித்தான். சிப் கம்பெனியான பிராட்காம் தன் ஐஓடி (இணையத்தோடு இணையும் கருவிகள்) வயர்லெஸ் பிரிவை 2016இல் சைப்ரஸ் என்ற கம்பெனிக்கு விற்றது. 2020இல் சைப்ரஸையே இன்ஃபினியான் வாங்கியது. சிப் இடம் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. ஏபி6212 என்று தகர மூடியில் அச்சடித்த மாட்யூலைப் பிரித்தால் உள்ளே இருப்பது 43438 என்ற சிப். அதை இயக்கும் லினக்ஸ் நிரலான டிரைவர் கேட்பதோ 43430 என்ற பெயருள்ள கோப்பை. ஒரே ஆளுக்கு மூன்று எண்.

லினக்ஸின் பொது ஃபர்ம்வேர் களஞ்சியத்திலும் இந்தச் சிப்புகள் சிலவற்றுக்குப் பழைய பிராட்காம் பெயர்கள் வெறும் கைகாட்டிகள்தான், அதாவது வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள். நிஜக் கோப்பு சைப்ரஸ் அடைவில் இருக்கிறது. இது தெரியாத காலத்தில் நான் அடைவை ஒரு பென்டிரைவில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கும் பென்டிரைவுக்குக் கைகாட்டி என்றால் என்னவென்றே தெரியாது. கிளையன்ட் இடத்தில் போய்த் திறந்தால், வேண்டிய பெயரில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மைனஸ் 2 நிம்மதி தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என்னை உண்மையில் உட்கார வைத்து யோசிக்க வைத்தது அம்பத்தூர் பக்கம் ஒரு பேக்டரி. நாற்பது பெட்டிகள் கொடுத்திருந்தோம். எங்கள் டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தபோது எல்லாம் பாஸ். அங்கே மாட்டிய அன்று சாயங்காலமே மெயின்டனன்ஸ்காரர் போன் பண்ணினார். “தம்பி, ஒண்ணு வந்தா ஒண்ணு போவுது. எல்லாத்தையும் சேத்து போட்டா எதுவும் நிக்கமாட்டேங்குது.” போய்ப் பார்த்தேன். ரவுட்டரின் பட்டியலில் இணைப்பு ஒன்றுதான். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்கவேண்டிய அடையாள எண்தான் மேக் முகவரி. நாற்பது பெட்டிக்கும் அது ஒன்றே. 00:90:4சி என்று ஆரம்பிக்கும் முகவரி. அந்த முன்னொட்டு, பிராட்காம் 1999இல் வாங்கிய எபிகிராம் கம்பெனியின் பெயரில் பதிவானது.

தப்பு என்னுடையதுதான். 43430க்கு ஃபர்ம்வேர் மட்டும் போதாது. கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பும் வேண்டும். ஆன்டெனாவுக்கு எவ்வளவு பவர், கிரிஸ்டல் எத்தனை கிலோஹெர்ட்ஸ் (எங்கள் போர்டில் 37400) என்றெல்லாம் போர்டின் ஜாதகம் அதில் இருக்கும். நான் வேறொரு போர்டின் சாஃப்ட்வேர் இமேஜிலிருந்து உருவிய கோப்பில் ஒரு மாதிரி மேக் முகவரி வரியும் இருந்தது. மாட்யூலிலேயே சொந்த முகவரி எரித்திருந்தால் அது ஜெயித்திருக்கும். அந்த லாட்டில் எரிக்கவில்லை. பெஞ்சில் தனித்தனியாக நல்ல பிள்ளையாக இருந்தவை, சேர்ந்ததும் நான்தான் அவன், நான்தான் அவன் என்று அடித்துக்கொண்டன.

அதுவரை என் அடைவுகள் கிளையன்ட் பெயரில் இருந்தன. உள்ளே ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டேன். சிப்புக்குப் பொதுவானது ஒரு பக்கம். போர்டுக்கு மட்டும் சொந்தமானது ஒரு பக்கம். அந்த ஒரே பெட்டிக்கு மட்டும் சொந்தமானது இன்னொரு பக்கம், பூட்டுக்குள். கடைசி ரகத்தின் அருமை ரவுட்டர்காரர்களுக்குத் தெரியும். குவால்காம் சிப் உள்ள ரவுட்டர்கள் பலவற்றில், ஃபேக்டரியில் அந்தப் பெட்டிக்கென்றே அளந்த காலிபரேஷன் (ரேடியோ சரிசெய்யும் அளவுகள்), ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒரு சின்னப் பகுதியில் இருக்கும். முழு ஃப்ளாஷையும் அழித்து எழுதினால் அதுவும் போயிற்று. பக்கத்துப் பெட்டியுடையதைக் காப்பி அடித்தால் வைஃபை எழும், ஆனால் அடுத்தவர் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்ட மாதிரி. இப்போது எந்த ரவுட்டர் பீரோவுக்குள் வந்தாலும் முதல் வேலை அந்தப் பகுதியை எடுத்து, சீரியல் நம்பர் போட்டு வைப்பது.

கோப்பின் பெயரை நம்புவதையும் விட்டேன். பிராட்காம் ரகக் கோப்புகளில் நிறையவற்றின் வால்பகுதியில் படிக்கக்கூடிய ஒரு வரி இருக்கும்: எந்தச் சிப், எந்த வெர்ஷன், எந்தத் தேதி. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக்கொள்வேன். கூடவே கோப்பின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை எண்), எங்கிருந்து வந்தது, லைசென்ஸ் என்ன. பொதுக் களஞ்சியத்தில் இதற்கென்றே ஒரு வரவுப் பதிவேடு உண்டு. யோசனை அங்கிருந்து திருடியது.

பதிவேட்டைக் கமா போட்டுப் பிரிக்கும் கோப்பாக வைத்தது என் இன்னொரு புத்திசாலித்தனம். போர்டுக்கு உரிய டெக்ஸ்ட் கோப்பின் பெயரில் ‘ராஸ்பெர்ரிபை,3-மாடல்-பி’ என்று நடுவே கமா வரும். அந்தப் பெயரில் இருந்தால் டிரைவர் அதை எடுக்கும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பொதுப் பெயருக்குப் போய்விடும். என் பட்டியலில் அந்த வரிசைகள் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தன. கண்டுபிடித்தது போன வருஷம் சேர்ந்த ஜூனியர் பெண். “அண்ணா, உங்க லிஸ்ட்ல லைசென்ஸ் கட்டத்துல தேதி இருக்கு” என்றாள்.

இத்தனைக்குப் பிறகும் ‘தெரியாதவை’ என்று ஓர் அடைவு மிச்சம். பதினோரு கோப்பு. யார் கொடுத்தது, எந்தப் போர்டுக்கு, தெரியாது. அழிக்கவும் கை வரவில்லை. ஏதோ ஒரு கடையில் பில் மெஷின் ஒன்று அதை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கலாம். போன வாரம் ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய வருகைப்பதிவு மெஷினில் இருந்த ஃபர்ம்வேர் கோப்பின் ஹேஷ், அதில் ஒன்றோடு பொருந்தியது. மீதி பத்து.