சுற்றுப்பாதை

இளையோர் தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். 17 முதல் 23 வயது வரையிலான பிள்ளைகள், மாலை வகுப்புகள். பாடம் நடத்துவது என் வேலையல்ல. வருகைப் பதிவேடு, குறைகேட்பு, ஆண்டுக்கொருமுறை பாதுகாப்புக் கணக்கெடுப்பு ஆகியவை என் பொறுப்பு.

கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘மையத்துக்கு வந்துபோகும்போது பாதுகாப்பாக உணர்கிறீர்களா?’ பெண்களில் பாதிக்கு மேல் ‘இல்லை’ என்று குறிப்பார்கள். பையன்கள் அநேகமாக எல்லோரும் ‘ஆம்’ போட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்து போவார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ‘ஆண்களுக்குப் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நான்காம் ஆண்டு படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். வீட்டு வாசலிலிருந்து இங்கே வரும் வழியை வரையுங்கள், எந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். பயம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை.

பெண்களின் தாள்களில் மணி இருந்தது. அதே தெரு, ஆறு மணிக்கு ஒரு கோடு, எட்டு மணிக்கு வேறொரு கோடு. பேருந்தில் எந்த இருக்கை, எங்கிருந்து எதுவரை ஃபோனில் பேசுவதுபோல் நடிப்பது, எந்த முனை தாண்டியதும் வீட்டுக்குச் செய்தி அனுப்புவது என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். ஒருத்தி விளக்குக் கம்பங்களை எண்ணியே வைத்திருந்தாள். எரியாத இரண்டின் மேல் பெருக்கல் குறி. இவ்வளவையும் தினமும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டுதான் இந்தப் பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். பாதுகாப்பு என்பது அவர்களுக்கு ஓர் உணர்வாக இருக்கவில்லை, தினசரி வேலையாக இருந்தது.

பையன்களின் தாள்களில் மணி இல்லை, ஆட்கள் இருந்தார்கள். இந்தத் திருப்பத்தில் யார் நிற்பார்கள், எந்தக் கூட்டத்தோடு பழைய தகராறு, போலீஸ் எங்கே நிறுத்திப் பையைத் துழாவும். ‘தலையைக் குனிந்துகொண்டு போவேன்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். படிவத்தில் ‘ஆம்’ போட்டவர்கள்தான் இவர்கள்.

உலகக் கணக்கும் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி, 2017-இல் கொலையுண்டவர்கள் ஏறத்தாழ 4,64,000 பேர். பத்தில் எட்டுப் பேர் ஆண்கள், அதிலும் ஆபத்து மிகுந்த வயது 15 முதல் 29. அதே ஆண்டில் கொல்லப்பட்ட பெண்கள் சுமார் 87,000. அவர்களில் 58 சதவீதத்தினரைக் கொன்றது கணவனோ துணைவனோ குடும்பத்தாரோதான். காதலோ திருமணமோ கண்ட பெண்களில் நால்வரில் ஒருத்தி இருபதுகளின் நடுவயதை எட்டுவதற்குள்ளாகவே துணைவனின் வன்முறையை அனுபவித்துவிடுகிறாள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. இதைப் படித்தபோது என் வெள்ளைத்தாள் எனக்கே உறுத்தியது. அது வீட்டு வாசலில்தானே தொடங்கியது? வாசலுக்கு உள்ளே இருப்பதை நான் கேட்கவே இல்லை.

விளக்குக் கம்பங்களை எண்ணிய பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். சில வாரங்களாக ஓர் ஆள் பின்தொடர்கிறானாம். புகார் கொடுக்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், “வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. தெரிஞ்சா வகுப்ப நிறுத்திடுவாங்க” என்றாள். பின்தொடர்பவன் அவன் பாட்டுக்கு வருவான். வீட்டில் அடைபடுவது இவளாக இருக்கும். அந்தக் கணக்கை அவள் எனக்கு முன்பே போட்டு முடித்திருந்தாள். ‘எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று ஆண்டுதோறும் முதல் நாளில் பேசி வந்தேனே, சொன்ன பிறகு அவர்கள் எதை இழப்பார்கள் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

நிர்வாகத்திடம் போனேன். வழியில் நடப்பதற்கு மையம் பொறுப்பாகாது என்றார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கையை எடுத்து வைத்தேன். 2019-இல் நிறைவேறிய அது, பணியிட வன்முறை என்பதற்குள் வேலைக்குப் போய்வரும் வழியையும் சேர்க்கிறது. பயிற்சியில் இருப்பவர்களையும் காக்கச் சொல்கிறது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு வகுப்பு அரைமணி நேரம் முன்னதாக முடிந்தது. முன்வாசலில் விளக்கு வந்தது. அந்தப் பெண் படிப்பை முடித்தாள்.

பையன்களுக்கு என்ன செய்தேன் என்று கேட்டால், சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தினமும் இருபது நிமிடம் தாமதமாக வரும் ஒருவன் இருந்தான். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘ஒழுங்கு இல்லை’ என்று நானே எழுதி, ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்திருந்தேன். அவன் தாளில் கோடு மையத்தின் பக்கத்துத் தெருவரை நேராக வந்து, அங்கிருந்து விலகி, ஒரு பெரிய வட்டமடித்துப் பின்பக்கமாக வந்து சேர்ந்தது. ஏன் என்று எழுதவில்லை.

“ஏம்ப்பா, இவ்வளவு தூரம் சுத்தி வர்றியா? அந்தத் தெருவுல யாரு?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள். பெண்ணைத் தனியாக அழைத்துப் பேசத் தெரிந்த எனக்கு, அவனிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்” என்று தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுவாரம் அவன் வரவில்லை. இரண்டு முறை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. மாதக் கடைசியில் பதிவேட்டைத் திறந்து, ‘ஒழுங்கு இல்லை’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘நீண்ட வழியில் வருகிறான்’ என்று எழுதினேன்.