தாமதமாக வந்த குரல்

மாலையில் அலுவலகத்தின் அடித்தளத்திலிருந்து படியேறி வெளியே வந்தபோதுதான், அம்மா காலையிலேயே விட்டிருந்த குரல் அஞ்சலுக்கான அறிவிப்பு கைபேசியில் ஒலித்தது.

"ஒன்றுமில்லை, நேரம் கிடைக்கும்போது கூப்பிடு" என்று சொன்ன பிறகும், இணைப்பைத் துண்டிக்காமல் அவர் சற்று நேரம் காத்திருந்தது பதிவில் கேட்கிறது.

கான்கிரீட்டும் இரும்பும் சிக்னலைத் தடுத்துவிடுவதால், செய்தி சேவை நிறுவனத்தின் சர்வரில் பத்திரமாக இருந்தும், அது வந்திருப்பதைச் சொல்லும் அறிவிப்பு நம்மை எட்டுவதில்லை.

வைஃபை வழி அழைப்பு வசதி இருந்தால் அதை இயக்கிவைப்பதே எளிது. இல்லையெனில், பெரும்பாலான ஜிஎஸ்எம் வகைக் கைபேசி இணைப்புகளில் **62* என அழுத்தி, மேசைத் தொலைபேசி எண்ணையும் # குறியையும் சேர்த்து அழைத்தால், சிக்னல் இல்லாத நேரத்து அழைப்புகள் அங்கே வந்துவிடும்.

கிடங்குகளிலும் மருத்துவமனைகளின் கீழ்த்தளங்களிலும் நாள் முழுதும் உழைப்பவர்களுக்கு, வேலையில் சேரும் நாளிலேயே நிர்வாகம் இதைச் செய்துதர வேண்டும்.